குகதாசன் பாட்டுக் கேட்கப் போன கதை

ஜெகதீஸ்வரிக்குப் பாட்டும் தெரியாது, கூத்தும் தெரியாது. கோயில் திருவிழாவுக்கு நல்ல மேளக் கோஷ்டி வந்தாலும் அவள் மடப்பள்ளிப் பக்கம் மரக்கறி வெட்டப் போய்விடுவாள். அப்படிப்பட்டவள், இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்த கையோடு, நோர்வேயிலிருந்து வந்த ஒரு பெட்டையின் கொம்பியூட்டர்ப் பாட்டுக் கச்சேரிக்கு, முத்தையன்கட்டிலிருந்து கிளிநொச்சி வரைக்கும் புருசனை இழுத்துக்கொண்டு போனாள் என்றால் சும்மாவா போயிருப்பாள்? அதிலும் அந்தப் புருசனுக்கு இரண்டு காதும் கேளாது. ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமா?

அவளுடைய தகப்பன் தென்மராட்சியிலிருந்து வந்து குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர். காட்டை வெட்டி, வேரைக் கிளப்பி, வாய்க்கால் தண்ணீரைத் திருப்பி வயலாக்கினதில் மூக்கு வடியத் திரிந்த ஜெகதீஸ்வரிக்கும் பங்கு உண்டு. பிறகு தாய்மாமன் மகன் குகதாசனைக் கட்டினாள். பிள்ளை இல்லை. அதற்கு அழவேண்டியதை எல்லாம் அழுது முடித்துக் கன வருசம். குகதாசன் நல்ல கதைகாரன். அவள் சமைத்துக்கொண்டிருந்தால் குசினி வாசலில் குந்தியிருந்து, சந்தையில் கண்டது, சங்கக்கடையில் கேட்டது எல்லாவற்றையும் கைகால் வைத்துச் சொல்லுவார். அவள் ஏதாவது குத்தலாகச் சொன்னால் அதற்குமேல் ஒன்று சொல்லுவார். பிள்ளையில்லாத வீடு என்று அந்த வீட்டை ஒருவரும் சொல்லமாட்டார்கள், அவ்வளவு சத்தம்.

தொண்ணூற்றொன்பதில் சண்டை நெருங்கி ஊரோடு இடம்பெயர்ந்து ஓடியபோது வழியில் செல் விழுந்தது. சாமான் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவரை அது சைக்கிளோடு தூக்கி எறிந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. தப்பினதே பெரிய காரியம் என்று சனம் சொன்னது. காது இரண்டிலும் ரத்தம் வடிந்தது. ரத்தம் நின்றபோது அவருக்கு உலகத்தின் சத்தமும் நின்றுபோயிருந்தது. முல்லைத்தீவில் காட்டினாள். சமாதானம் வந்து பாதை திறந்ததும் வவுனியாவுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். நரம்பு செத்துவிட்டது, ஒப்பரேசனும் சரிவராது, காதில் வைக்கிற மெசினும் உதவாது என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கினாள், நேர்த்தி வைத்தாள், காவடி எடுப்பித்தாள். அம்மன் என்ன நினைத்தாவோ, பேசாமல் இருந்துவிட்டா.

காது போனதோடு போயிருந்தால் ஜெகதீஸ்வரி சமாளித்திருப்பாள். அவர் அவளுடைய வாயசைவைப் பார்த்து முக்கால்வாசி விளங்கிக்கொள்ளுவார், மிச்சத்துக்குக் கை இருக்கிறது. ஆனால் யானை இருக்கிறதே! அவர்களுடைய வயல் காட்டுக்கரை வயல். கதிர் பால் பிடிக்கிற நேரம் யானை இறங்கும். பரண் கட்டி, விடியுமட்டும் முழித்திருந்து, சருகு நொருங்கினாலும் கொப்பு முறிந்தாலும் உடனே வெடி கொளுத்திப் போட்டுத் தகரத்தில் அடித்துக் கத்தவேண்டும். அந்தக் கும்மிருட்டில் கண் என்னத்துக்கு உதவும்? காதால் பார்க்கிற காவல் அது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று சொன்னவன் கோயில் யானையைக் கண்டவன். காட்டு யானைக்கு யார் மணி கட்டினது? அவ்வளவு பெரிய உருப்படி பூனை மாதிரி வந்து நிற்கும். போன போகத்தில் பக்கத்து வயல் கனகலிங்கத்தைப் பரணோடு சாய்த்து மிதித்துவிட்டுப் போனது. கனகலிங்கத்துக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டான், அவ்வளவுதான்.

ஊர் திரும்பின நாளிலிருந்து ஒவ்வொரு போகமும் பரணுக்குப் போனது ஜெகதீஸ்வரிதான். பெண்சாதி காட்டுக்கரையில் காவல், புருசன் வீட்டில் போர்த்துக்கொண்டு படுக்கை. ஊர் விடுமா? ஈஸ்வரி வேட்டி கட்டுது, குகதாசன் சீலை கட்டுது என்று வாய்க்காலடியில் பகிடி விட்டார்கள். காது கேளாவிட்டாலும் சிரிக்கிற வாய் கண்ணுக்குத் தெரியும்தானே. அவருடைய கதை வரவரக் குறைந்து, பிறகு நின்றேபோனது. இந்த முறை விதைத்து முடிந்த அன்றைக்கே சொல்லிவிட்டார், இந்தப் போகம் காவலுக்கு நான்தான் போவேன் என்று. அவள் கெஞ்சினாள், கையெடுத்துக் கும்பிட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள். மசியவில்லை. மார்கழி முழுக்கத் தன் கையால் புதுப் பரண் கட்டினார். அவள் கொண்டுபோன தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டு, மேலே ஏறி நின்று அடுத்த தடியைக் கட்டினார். கீழே நின்று பார்த்த அவளுக்கு அது பாடை கட்டுகிறதுபோல இருந்தது. கதிர் முற்றுவதற்குள் இந்த மனிசனுக்குக் காது கேட்கவேண்டும், இல்லாவிட்டால் ஆளையே பறிகொடுக்கவேண்டும் என்று அவளுக்கு நல்லாய்த் தெரிந்துவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த வீட்டுத் தங்கம்மா யோசனை கொண்டுவந்தாள். தங்கம்மா வாயாலேயே ஆஸ்பத்திரி நடத்துகிறவள். அவளுடைய மகன் பாலன் கிளிநொச்சியில் ஒலிபெருக்கிக் கடையில் வேலை. பொங்கலுக்கு வந்தவன், கஜனி என்ற பாட்டுக்காரியின் கச்சேரிக்குக் கொழும்பிலிருந்து லொறியில் ஸ்பீக்கர் வந்து இறங்கிய கதையை வீடுவீடாய்ச் சொல்லித் திரிந்தான். ஒவ்வொரு பெட்டியும் அலுமாரி உயரமாம். போட்டுப் பார்த்தபோது பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் கிளாஸ் எல்லாம் தன்பாட்டில் நகர்ந்ததாம், சுவரில் இருந்த பல்லி தொப்பென்று கீழே விழுந்ததாம். தங்கம்மா அதைக் கேட்டதும் வேலியைத் தாண்டி ஓடிவந்தாள்.

"சத்தத்தில போன காது சத்தத்திலதான் திரும்பி வரும், ஈஸ்வரி. முள்ளை முள்ளாலதானே எடுக்கிறது? றேடியோ நிண்டுபோனா ஒரு தட்டுத் தட்ட வேலை செய்யேல்லையே?"

சிரிக்காதீர்கள். சாமான் வரவிடாத அத்தனை வருசமும் வன்னியில் பற்றரியில்லாமல், உதிரிப்பாகமில்லாமல், தட்டித் தட்டித்தான் எல்லாவற்றையும் ஓட்டினோம். தட்டினால் ஓடும் என்பது எங்களுக்கு வேதவாக்கு. டொக்டர்மாரை அவள் நாலு வருசம் நம்பிப் பார்த்தாள், அதில் என்ன கண்டாள்? வெள்ளத்தில் போகிறவளுக்குத் துரும்பும் தோணிதான். அன்று பின்னேரமே குகதாசனுக்கு முன்னால் இருந்து, கையாலும் வாயாலும் விளங்கப்படுத்தினாள். அவர் முதலில் விசரி என்று பேசினார். அவள் அழத் தொடங்கினாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, எழும்பிப்போய்க் கொடியில் கிடந்த வெள்ளைச் சேட்டை எடுத்து உதறினார்.

லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஒட்டுசுட்டான், அங்கிருந்து பஸ்ஸில் மாங்குளம், பிறகு பெரிய றோட்டால் கிளிநொச்சி. பஸ் முழுக்க இளசுகள், கச்சேரிக் கதைதான். கஜனி பூநகரியில் பிறந்தவளாம், கைக்குழந்தையாக நோர்வேக்குக் கொண்டுபோனார்களாம், தானே பாட்டு எழுதி, தானே இசையும் செய்து, தானே பாடுவாளாம், பக்கவாத்தியம் ஒன்றும் கிடையாதாம். ஜெகதீஸ்வரி ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குப் பாட்டா வேண்டும்? பெட்டி வேண்டும். பெட்டிக்கு எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதுதான் வழி நெடுக அவளுடைய யோசனை.

மைதானத்தில் சனம் ஊசி குத்த இடமில்லை. ஆம்பிளையள் ஒரு பக்கம், பொம்பிளையள் மறுபக்கம் என்று கயிறு கட்டியிருந்தார்கள். அவள் கயிறைத் தூக்கி, புருசனையும் இழுத்துக்கொண்டு நேரே முன்னுக்குப் போனாள். ஒழுங்கு பார்த்த பொடியள் மறித்தார்கள். இவருக்குக் காது கேளாது தம்பி, கிட்ட விடுங்கோ என்றாள். காது கேளாதவருக்குக் கச்சேரியோ என்று ஒருத்தன் சிரிக்க, மற்றவர்களும் சிரித்தார்கள். அவள் சண்டைக்கு நிற்கவில்லை, அழவுமில்லை. போன நேர்த்திக்கடனுக்கு அம்மன் வாசலில் நின்றமாதிரிக் கைகூப்பிக்கொண்டு அப்படியே நின்றாள். நல்லகாலம், பாலன் கண்டுவிட்டு ஓடிவந்து இரண்டு பேரையும் கூட்டிப்போய் மேடைக்கு இடப்பக்கத்துப் பெட்டிக்கு நேர் முன்னால் நிறுத்தினான்.

கஜனி மேடைக்கு வந்தாள். கட்டையாய் வெட்டிய தலைமுடி, கறுத்தக் காற்சட்டை. மேசையில் ஒரு சின்னக் கொம்பியூட்டரும் றேடியோவில் இருக்கிறமாதிரித் திருகாணி வைத்த இரண்டு பெட்டியும் கொஞ்ச வயரும். பின்னால் நின்ற ஒரு கிழவர், பாட்டுக்காரி எங்கை, இது ரைப் அடிக்க வந்த பிள்ளையெல்லே என்றார். அந்தப் பெட்டை சனத்தைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழெல்லாம் இந்தப் பாட்டுகளில்தான் இருக்கிறது, பிழை இருந்தால் மன்னியுங்கோ என்று தடுக்கித் தடுக்கிச் சொன்னாள். பிறகு குனிந்து ஒரு திருகாணியைத் திருகினாள்.

அட கடவுளே, அது சத்தமா? நிலம் கிடந்து உதறியது. ஜெகதீஸ்வரி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு புருசனைப் பார்த்தாள். அவருடைய வெள்ளைச் சேட்டு நெஞ்சோடு துடித்துக்கொண்டிருந்தது. கண் விரிந்தது. வாய் திறந்தது. நெஞ்சில் கையை வைத்தார், வயிற்றில் வைத்தார், திரும்ப நெஞ்சில் வைத்தார். அவளுடைய தோளை இறுக்கிப் பிடித்து உலுக்கினார்.

"ஈஸ்வரி, கேக்குது! எனக்குக் கேக்குது!"

அந்தப் பெரிய இரைச்சலுக்குள்ளும் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவர் கத்தினார். தாளத்துக்குத் தலையை ஆட்டினார், கையைத் தட்டினார், தட்டினது ஒரு அடிகூடப் பிசகவில்லை. கண்ணீர் தாரையாய் ஓடியது. ஜெகதீஸ்வரி ஓடிப்போய் அந்தப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாலு வருச இருட்டு விடிந்தது என்று நினைத்தாள். யோசனை சொன்ன தங்கம்மாவுக்கு ஒரு சீலை எடுத்துக் கொடுக்கவேண்டும் என்றும் நினைத்தாள். அந்த மாதிரி ஒரு சந்தோசம் அவளுக்குத் தாலி கட்டின அன்றைக்கும் இருந்ததில்லை.

மூன்றாவது பாட்டோ நாலாவதோ, கஜனி திருகாணிகளை எல்லாம் விட்டுவிட்டு மைக்கைக் கையில் எடுத்தாள். நிலம் அடங்கியது. தனிக்குரலில் பாடத் தொடங்கினாள். தான் ஒருநாளும் விளையாடாத பூநகரிக் கடற்கரையில் தன்னுடைய கால்தடத்தைத் தேடுகிற பாட்டு. சனம் மூச்சுக் காட்டவில்லை. ரைப் அடிக்கிற பிள்ளை என்ற கிழவர் சால்வையால் கண்ணைத் துடைத்தார். பாட்டென்றால் எழும்பிப் போகிற ஜெகதீஸ்வரியே அசையாமல் நின்று கேட்டாள். அப்போது குகதாசன் அவளுடைய பக்கம் குனிந்து, கச்சேரி முடிஞ்சுதோ என்று கேட்டார்.

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மேடையில் பெட்டை வாயைத் திறந்து பாடிக்கொண்டு நிற்கிறாள், பெட்டியில் குரல் மணிபோலக் கேட்கிறது, இந்த மனிசன் முடிஞ்சுதோ என்று கேட்கிறார். அவருக்குக் கேட்டது பாட்டில்லை. நெஞ்சுக்கூட்டில் விழுந்த இடி. காது அப்படியே செத்துத்தான் கிடந்தது. அவர் மேடைப்பக்கம் பார்க்கவில்லை, ஈரக் கண்ணோடு அவளுடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்ல எந்தப் பெண்சாதியால் முடியும்? ஓம், முடிஞ்சுது என்று தலையாட்டினாள். அடுத்த பாட்டுக்கு நிலம் அதிர்ந்தபோது, திரும்பத் துவங்கிட்டினம் பாத்தியே என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பாவி, அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஊருக்கு வந்து சேர்ந்தபிறகு பேயாட்டம் ஆனது. தங்கம்மா தன்னுடைய வைத்தியம் பலித்த கதையை ஒட்டுசுட்டான் சந்தை வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். பார்க்க வந்த சனம் அவருடைய முகத்துக்கு நேரே நின்று காட்டுக்கத்துக் கத்தியது. அவர் வாயைப் பார்த்துப் பதில் சொன்னார். சரியான பதில் வந்தால் கேட்டது என்றார்கள், பிழையான பதில் வந்தால் மெல்ல மெல்லத்தான் தெளியும் என்றார்கள். தண்ணிப்பம்பில் கையை வைத்துக் கேக்குது என்றார். லான்ட்மாஸ்டர் போனால் நிலத்தில் காலை ஊன்றி நின்று கேக்குது என்றார். பகிடியும் திரும்பி வந்தது, குசினி வாசலில் குந்தியிருந்து கதையும் திரும்பி வந்தது. ஜெகதீஸ்வரி அவருடைய முதுகுக்குப் பின்னால் சட்டியைப் போட்டு உடைத்துப் பார்த்தாள். அவர் திரும்பாமல் கதையைத் தொடர்ந்து சொன்னார். உடைந்த சட்டித் துண்டுகளை அள்ளி எடுத்துக்கொண்டு வளவுக்குப் பின்னால் போய் நின்று வாய்விட்டு அழுதாள். வாய்விட்டு அழுவதற்கு அந்த வீட்டில் மறைவு தேவையில்லை என்பதும் அழுகிறபோதுதான் உறைத்தது.

சொல்லத் துணிந்து இரண்டு தரம் அவருக்கு முன்னால் போய் இருந்தாள். ஒருதரம் அவர் தன்பாட்டில் ஏதோ பழைய பாட்டை ராகமில்லாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மற்றத்தரம், நீ இல்லையெண்டா நான் செத்த பிணம்தான் ஈஸ்வரி என்றார். இதற்குமேல் எப்படிச் சொல்வது? அங்கே வயலில் கதிர் பால் பிடித்து மணக்கத் தொடங்கியது. குளத்துக்கு அந்தப் பக்கம் யானை இறங்கிவிட்டது என்று சேதி வந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் உயிரோடு கொல்லுகிறேன், சொல்லாவிட்டால் யானையைக் கொண்டு கொல்லுகிறேன் என்று தனக்குத்தானே புலம்பினாள்.

ஒருநாள் பின்னேரம் வெய்யில் தாழ, அவர் சாறத்தை மடித்துக் கட்டி, டோர்ச்சும் வெடிப் பையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். நீ இண்டைக்கு ஆறுதலாய்ப் படு என்றார். அவள் போய்ப் படலைக்குக் குறுக்கே நின்றாள். போகவேண்டாம் என்று கையைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், காலில் விழவும் குனிந்தாள். அவர் பிடித்துத் தூக்கிவிட்டார். கோபமில்லை, சிரிப்புத்தான்.

"ஊரே நம்புது, நீ நம்பேல்லையே? சரி, நான் அங்கால பாத்துக்கொண்டு நிக்கிறன். நீ பின்னால நிண்டு என்ன சத்தமெண்டாலும் வை. கேட்டாச் சொல்லுறன். கேக்கேல்லையெண்டா டோர்ச்சை உன்ரை கையில தாறன்."

சொல்லிவிட்டு வயல்பக்கம் திரும்பி நின்றார். இதைவிட வேறு வழி அம்மனும் காட்டமாட்டா என்று ஜெகதீஸ்வரி நினைத்தாள். வயிறு கிழியக் கத்துவேன், அவர் அசையாமல் நிற்பார், தானாகவே விளங்கிக்கொள்ளுவார், என்னுடைய வாயால் சொல்லவேண்டிய பாவம் எனக்கு வராது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கப் போனாள். முடியவில்லை. நேராக நிமிர்த்தின அந்த முதுகையும், ஒரு பக்கம் சாய்த்து வைத்திருந்த தலையையும் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை தரம் எத்தனித்தாளோ, தொண்டையிலிருந்து ஒரு சொட்டுச் சத்தம் வெளியே வரவில்லை.

"ஓம், கேட்டது" என்றார் அவர். திரும்பினார். முகம் முழுக்கப் பூரிப்பு. "இஞ்சாருங்கோ எண்டு கூப்பிட்டனீ. உன்ரை குரல் மாறவேயில்லை."

பொய் சொல்லுகிற முகமில்லை அது. அத்தனை வருசம் கூடப் படுத்தவளுக்குத் தெரியாதா? உண்மையாகவே கேட்டிருந்தது அவருக்கு. தலைக்குள்ளே எங்கேயோ, செல் விழமுதல் அவள் கூப்பிட்ட குரல் அப்படியே கிடந்து கேட்டிருந்தது. பரணிலும் இப்படித்தான் கேட்கும். இல்லாத யானை கேட்கும், வந்து நிற்கிற யானை கேளாது.

ஜெகதீஸ்வரி கிட்டப் போனாள். அவருடைய இரண்டு கன்னத்தையும் கையால் பிடித்து, முகத்தைத் தன்னுடைய வாய்க்கு நேரே திருப்பினாள். ஒவ்வொரு சொல்லாக, பிசகாமல் விளங்கும்படி, ஆறுதலாக வாயை அசைத்தாள்.

"நான் கூப்பிடேல்லை."

அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொருதரம் சொன்னாள். சிரிப்பு உடனே போகவில்லை, எங்கே போவது என்று தெரியாததுபோல முகத்திலேயே கொஞ்சநேரம் நின்றது.

"அப்ப ஆர் கூப்பிட்டது?" என்று கேட்டார்.

அவள் டோர்ச்சையும் வெடிப் பையையும் அவருடைய கையிலிருந்து வாங்கிக்கொண்டு, படலையைத் திறந்து, வயலுக்கு நடந்தாள். அவர் மறிக்கவில்லை.